மணலில் நின்ற ஆமை

“டீச்சர், அந்தப் பலகைக்குக் கண்ணு இல்லையா?” என்று ஹிங்கானோ ஒருநாள் கேட்டாள். “நான் ரெண்டு தடவை புருவத்தைத் தூக்கினேன். அது என்னைப் பாக்கவே இல்ல.”

எங்கள் தீவில் ‘ஆமாம்’ என்று சொல்ல வாய் வேண்டியதில்லை, புருவம் போதும். சாப்பிட்டாயா என்று கேட்டால் புருவம் உயரும். படகு வந்துவிட்டதா என்றாலும், கணக்கு விளங்கியதா என்றாலும் அதே புருவம்தான். எங்கள் தொங்கா நாட்டில் எந்தத் தீவுக்குப் போனாலும் இப்படித்தான். பெரியவர்கள் முன்னால் உரக்கப் பேசுவது பிள்ளைகளுக்கு அழகில்லை என்று சொல்லிச் சொல்லி வளர்த்தவர்கள் நாங்கள்.

என் ஆறாம் வகுப்பின் சுவரில் புதிதாக மாட்டிய, பிள்ளைகள் ‘பலகை’ என்று சொல்லும் பெரிய திரைக்கு இதெல்லாம் தெரியாது. ஒரு பாடத்தைச் சொல்லி முடித்ததும், வேற்றூர்க் குழந்தை எங்கள் மொழியைக் கடித்துப் பேசுவது போன்ற குரலில், “புரிந்ததா?” என்று ஒவ்வொரு பிள்ளையாகப் பெயர் சொல்லிக் கேட்கும். உரக்கப் பதில் வந்தால், அந்தப் பிள்ளையின் பெயர் எழுதிய ஆமை நீலக் கடலுக்குள் நீந்திப் போகும். வராவிட்டால் ஆமை மணலிலேயே நிற்கும். அதன் தலைக்கு மேல் ‘கவனம் இல்லை’ என்று சிவப்பில் எழுத்து விழும்.

முதல் நாள் வகுப்பில் பாதிப் பேர் மணலில் நின்றார்கள், புருவங்களை நெற்றிவரை தூக்கிக்கொண்டு.

“எங்க தாத்தா காலத்துல மணல்ல ஆமை நின்னா அடுப்பைத்தான் மூட்டுவாங்களாம் டீச்சர்,” என்றான் விலிசோனி. எதற்கும் ஒரு பேச்சு வைத்திருக்கும் பையன். “என்னைக் கடைசியில சுடச் சொல்லுங்க. நான் ஒல்லி.”

இந்தத் திரையைக் கொண்டு வந்தவர் எங்கள் தலைமையாசிரியர் லுபேனி. இந்த ஊரில் பிறந்தவர்தான். ஆக்லாந்தில் ஒரு சரக்குக் கிடங்கில் சில காலம் வேலை பார்த்து, அங்கேயே ஆசிரியர் படிப்பும் முடித்து, எங்களைக் கரையேற்றத் திரும்பி வந்தார். வெளிநாட்டு அறக்கட்டளை ஒன்று திரையையும் ஒரு பெட்டி டேப்லெட்டுகளையும் கூரைக்குச் சூரியத் தகடுகளையும் அனுப்பியது. அந்தப் பெட்டியைப் படகிலிருந்து இறக்கிய நாளில் அவர் முகத்தில் இருந்த ஒளியை, நான் திருமுழுக்கு வீடுகளில் குழந்தையைக் கையில் வாங்கும் பாட்டன்மார் முகத்தில் பார்த்திருக்கிறேன்.

கிடங்கு அவருக்கு ஒரு பழக்கத்தைக் கற்றுக் கொடுத்திருந்தது. எந்த வயரானாலும் எட்டு வடிவத்தில் சுற்றி, நுனியை நடு இடுக்கில் செருகி வைப்பார். நாங்கள் வட்டமாகச் சுற்றி வைத்தால் பிரித்து மறுபடி சுற்றுவார். “வட்டமாச் சுத்தினா வயர் உள்ளுக்குள்ள முறுக்கிக்கும் டீச்சர். எட்டுப் போடணும், எட்டு,” என்பார். ஒரு பிள்ளை உள்ளுக்குள் முறுக்கிக்கொண்டதைப் பற்றி அவர் அவ்வளவு கவலைப்பட்டு நான் கண்டதில்லை.

பாடம் நடக்கும்போது வகுப்புக்கு வந்து, திரையைப் பார்த்தபடி நிற்பார். எத்தனை ஆமை கடலில், எத்தனை ஆமை மணலில் என்று எண்ணுவார். அதாவது பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பிள்ளைகளின் கவனத்தை அளந்தார். திரும்பிப் பார்த்தால் இலவசமாகவே தெரிந்திருக்கும்.

பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். ஒரு வாரத்தில் இயந்திரத்தின் சுபாவத்தைப் பிடித்துக்கொண்டார்கள். அது “புரி—” என்று தொடங்கும்போதே “ஆமா” என்று கத்தினார்கள். ஆமைகள் கும்பலாகக் கடலில் இறங்கின. திரை முழுக்க நீலமானது. லுபேனி அதைப் புகைப்படம் எடுத்து அறக்கட்டளைக்கு அனுப்பினார். அந்த நாளில் பின்னங்களைப் பற்றி விலிசோனியிடம் கேட்டேன். “கால் பெரிசா, அரைக்கால் பெரிசா?”

“அரைக்கால் டீச்சர். அதுலதான் ரெண்டு வார்த்தை இருக்கு.”

அவனுடைய ஆமை அப்போது நடுக்கடலில் நீந்திக்கொண்டிருந்தது.

ஹிங்கானோ கேட்ட கேள்வியை நான் மறக்கவில்லை. கண் இருக்கிற நானே அந்தப் புருவங்களை எவ்வளவு பார்க்கிறேன் என்று அன்றிரவு ஜெபத்துக்கு முன் யோசித்தேன். முழுதாக உயரும் புருவம் உண்டு, அது ‘விளங்கியது’. பாதி உயர்ந்து உடனே இறங்கும் புருவம் உண்டு. அது ‘விளங்கவில்லை, ஆனால் உங்களை வருத்தப்பட வைக்க மனமில்லை’. இந்த இரண்டாவது புருவத்தைக் கண்டுபிடித்து, அதனருகே போய் உட்காருவதற்குத்தான் அரசாங்கம் எனக்குச் சம்பளம் தருகிறது. மற்றதெல்லாம் சாக்பீஸ்.

கருவியின் மேல் எனக்குப் பகை இல்லை. பெட்டியில் ஒரு டேப்லெட் மிஞ்சியிருந்தது. அதில் குரலைப் பதிவு செய்யலாம் என்று கண்டேன். மதியத்தில் ஒவ்வொரு பிள்ளையாக அதை எடுத்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போகச் சொன்னேன். அங்கே யாரும் இல்லை. வெட்கப்பட ஆள் கிடையாது. ஒரு கணக்கை எடுத்து, தன்னைவிடச் சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பது போல வாய்விட்டுச் சொல்ல வேண்டும். திரும்பி வந்து முதலில் தானே கேட்க வேண்டும். பாதிப் பிள்ளைகள் தங்கள் குரலைக் கேட்டதும், “இருங்க டீச்சர், தப்பாச் சொல்லிட்டேன்” என்று மறுபடி தொட்டிக்கு ஓடினார்கள். நான் திருத்தியிருந்தால் தலையைத் தொங்கப் போட்டிருப்பார்கள். தங்கள் காதே திருத்தியபோது ஓடினார்கள். அந்த டேப்லெட்டை நான் கடவுள் அனுப்பிய உதவி ஆசிரியர் என்றே எண்ணினேன். ஆமைகளைப் பற்றி எனக்கு அப்படித் தோன்றியதில்லை.

தொட்டிக்குப் பின்னாலிருந்து வந்த குரல்களில் ஹிங்கானோவுடையதுதான் எனக்குத் திகைப்பைத் தந்தது. வகுப்பில் புருவத்தைத் தவிர எதையும் அசைக்காத பெண், அங்கே, ஒரு மரவள்ளிக் கிழங்கை எட்டு வாய்க்குப் பங்கிடுவதைச் சொல்லத் தொடங்கி, விருந்தாளி ஒருவர் வந்துவிட்டால் என்ன செய்வது என்று தானே கேள்வி போட்டு, ஒன்பதால் பங்கிடும் சிக்கலுக்குள் நடந்து போய், சிரித்துக்கொண்டே வெளியே வந்திருந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் ஜோடி முறை வந்தது.

டேப்லெட்டுகள் இரண்டு பேருக்கு ஒன்றாகத்தான் இருந்தன. யாரோடு யார் என்பதை இயந்திரமே ஆராய்ந்து, பருவம் முழுவதற்கும் சேர்த்து வைத்தது. நன்றாகப் படிப்பவரோடு மெதுவாகப் படிப்பவர். இருவரும் தலையைச் சேர்த்து ஒரே திரையில் பார்த்து, தங்களுக்குள் பேசி, ஒரே குரலில் பதில் சொல்ல வேண்டும். ஹிங்கானோவை அது சிதானியோடு சேர்த்தது.

சிதானி அவளுடைய சித்தப்பா மகன். எங்களுக்கு அது அண்ணன்தான். வேறு சொல் கிடையாது. ஆணும் பெண்ணுமாய் வளரத் தொடங்கியபின் அண்ணனும் தங்கையும் ஒரே பாயில் உட்கார மாட்டார்கள். ஒரே படத்தைச் சேர்ந்து பார்க்க மாட்டார்கள். ஒருவர் முன்னால் ஒருவர் கேலி பேச மாட்டார்கள். அவள் உள்ளே வந்தால் அவன் எழுந்து வெளியே போவான். இது வெறுப்பல்ல, ஒரு பையன் தன் வாழ்நாளில் காட்டுகிற முதல் மரியாதை.

ஆகவே சிதானி வலப்பக்கச் சன்னலைப் பார்த்தான். ஹிங்கானோ இடப்பக்கச் சுவரைப் பார்த்தாள். டேப்லெட் நடுவில், வாங்க ஆளில்லாத மீன் போலக் கிடந்தது. இயந்திரம் கேட்டது. அவர்களுடைய ஆமை தினமும் மணலில் நின்றது.

நான் லுபேனியிடம் போனேன். அலுவலறையில் வயர் சுற்றிக்கொண்டிருந்தார்.

“சார், ஹிங்கானோவையும் சிதானியையும் பிரிச்சு உக்கார வைக்கணும்.”

“ஏன், சண்டை போடுறாங்களா?”

“போட்டாத் தேவலையே. அண்ணன் தங்கச்சி.”

“ஒரே வீடா?”

“சித்தப்பா மகன்.”

“டீச்சர், நானும் இந்த ஊர்க்காரன்தான். எனக்கும் தெரியும். ஆனா பள்ளிக்கூடத்துக்குள்ள அண்ணனும் கிடையாது தங்கச்சியும் கிடையாது. எல்லாரும் கத்துக்கிறவங்க.”

“உங்க அக்கா தெலீசியா வீட்டுக்குள்ள வந்தா, ரக்பி ஆட்டம் பாதியில ஓடினாலும் எழுந்து தென்னமரத்தடிக்குப் போயிடுறீங்க. ஊரே பாத்துட்டுத்தான் இருக்கு.”

“அது வீடு.”

“இது என்ன சார், விமான நிலையமா?”

அவர் வயரின் நுனியை இடுக்கில் செருகினார். “இயந்திரம் ஆராய்ஞ்சு சேர்த்திருக்கு. அதுக்குப் பாரபட்சம் கிடையாது. நாம கையை வெச்சா அந்தக் கணக்கு முழுசும் கெட்டுப் போயிடும்.”

“அந்தப் பொண்ணு கெட்டுப் போனாப் பரவாயில்லையா?”

“கவனம் இருக்கிற பிள்ளை எங்க உக்கார வெச்சாலும் பேசும், கலோலைனி டீச்சர். நீங்க கொஞ்சம் காலத்தோட நடக்கணும்.”

காலம் எந்தப் பக்கமாக நடக்கிறது என்று கேட்க வாயெடுத்து, அடக்கிக்கொண்டேன். அடக்கியது சாந்தத்தால் அல்ல. அவரைக் கேவலமாக நினைப்பதில் ஒரு ருசி வந்துவிட்டது. தேங்காய்ப்பாலில் வெந்த இலையைப் போல, வெளியே எடுக்காமல் வாய்க்குள்ளேயே வைத்திருக்கத் தோன்றும் ருசி. அதற்காக அந்த ஞாயிறு ஆராதனையில் மன்னிப்புக் கேட்டேன். முழு மனதோடு கேட்டேன் என்று சொல்ல முடியாது.

ஏனென்றால் இது வெறும் ஆமை விவகாரமாக இருக்கவில்லை. தலைநகரில் உள்ள ஒரு விடுதிப் பள்ளி எங்களைப் போன்ற சிறு தீவுப் பள்ளிகளுக்கு ஆளுக்கொரு இலவச இடம் தரும். எங்கள் தீவில் அறிவியல் சொல்லித் தர ஆள் கிடையாது. ஆறாம் வகுப்புக்குப் பிறகு மேலே படிக்க வேண்டுமானால் அந்த ஒரு கதவுதான். யாரை அனுப்புவது என்பதைத் தலைமையாசிரியர் எழுதுவார். இந்த வருஷம் அவர் முடிவைச் சபைக்கு வெளியே, எல்லாப் பெற்றோரும் நிற்கும்போது அறிவித்துவிட்டார். “நானும் தேர்ந்தெடுக்கப் போறதில்ல, டீச்சரும் தேர்ந்தெடுக்கப் போறதில்ல. பலகை சொல்லும். கல்வி அதிகாரி வர்ற அன்னிக்கு எந்த ஆமை முன்னால நீந்துதோ, அந்த ஜோடியில அதிக மார்க் வாங்கின பிள்ளையோட பேரு போகும்.”

ஹிங்கானோவின் அம்மா பாய் முடைபவள். கூட்டத்தில் பின்னால் நின்றிருந்தவள் என்னைப் பார்த்தாள். நான் அவளுக்குப் புருவத்தைத் தூக்கவில்லை. தூக்க என்னிடம் எதுவும் இல்லை.

அதிகாரி ஒரு வெள்ளிக்கிழமை வந்தார். மெலெனைதே என்று பெயர். அதிகம் பேசாத, கனத்த உடம்புக்கார அம்மா. அவரோடு எங்கள் போதகரும் ஊர் நிர்வாகியும் வந்து முன் வரிசையில் உட்கார்ந்தார்கள். லுபேனி, மரியாதைக்காக இடுப்பில் சுற்றும் பாயைப் புதிதாகக் கட்டியிருந்தார். பின்கட்டில் தெலீசியாவும் மற்றப் பெண்களும் குழியில் மூடிவைத்த மண்ணடுப்பைத் திறந்துகொண்டிருந்த வாசனை வகுப்பு முழுக்கப் பரவியிருந்தது. பிள்ளைகளின் கவனம் எங்கே இருந்தது என்பதை அளக்க அன்று எந்தக் கருவியும் தேவைப்படவில்லை.

ஜெபம் முடிந்தது. திரை விழித்தது. ஒரு தோட்டத்தின் நீளமும் அகலமும் சொல்லி, பரப்பு கேட்டது. ஜோடிகள் தலையைச் சேர்த்துக் கிசுகிசுத்தன. ஒவ்வொரு ஆமையாக இறங்கியது. கடைசியில் மணலில் ஒன்றே ஒன்று நின்றது.

“ஹிங்கானோ, சிதானி, சேர்ந்து பேசுங்கள்,” என்றது குரல். “உங்கள் ஆமை காத்திருக்கிறது.”

சிதானி சன்னலைப் பார்த்தான். அவன் காது சிவந்திருந்தது. ஹிங்கானோவின் விரல் மேசையின் மேல் நீளத்தையும் அகலத்தையும் வரைந்துகொண்டிருந்தது. அவளுக்கு விடை தெரியும் என்பது எனக்குத் தெரியும். வாயைத் திறந்தால் அதிகாரியின் முன்னால், அண்ணன் ஊமையாய் இருக்க, தான் பேசியவள் ஆவாள். அவள் அதைச் செய்ய மாட்டாள்.

லுபேனி அதிகாரியின் பக்கம் திரும்பிச் சிரித்தார். “எல்லா வகுப்புலயும் இப்படி ஒண்ணு ரெண்டு இருக்கும்மா. முன்னெல்லாம் யாருன்னு தெரியாது. இப்ப பலகை காட்டிக் கொடுத்துடுது. இந்த ஆமையை நாம சாப்பாட்டுக்கு வெச்சுக்கலாம்.”

யாரும் சிரிக்கவில்லை. விலிசோனிகூடச் சிரிக்கவில்லை. அவன் சொன்ன கேலிதான் அது. ஆனால் அவன் தன்னைச் சேர்த்துச் சொல்லியிருந்தான்.

ஹிங்கானோ தலை குனிந்தாள். சுவர் ஓரமாக, திரைக்கு மின்சாரம் வரும் இடத்துக்குப் பக்கத்தில்தான் அவள் இடம். அவள் அம்மா பின்வாசலில் ஒரு கூடையோடு நின்றிருந்தாள். அந்த இலவச இடம் அந்த நிமிஷத்தில் கடலில் இறங்கிப் போய்விட்டது என்று நான் நினைத்தேன்.

அதோடு லுபேனி நிறுத்தியிருக்கலாம். பெருமை நிறுத்த விடாது. “பெரியவங்களும் விளையாடலாம். எவ்வளவு சுலபம்னு பாருங்க. எல்லாரும் பேரைப் போடுங்க,” என்று தன் பெயரைப் போட்டு, டேப்லெட்டை அதிகாரியிடம் நீட்டிவிட்டு, திரைக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

மெலெனைதே அம்மா தன் பெயரை அடித்தார். போதகர், ஊர் நிர்வாகி, நான். அப்போது சோற்றுத் தட்டுக்களுக்கு இடம் பார்க்கத் தெலீசியா வாசலில் வந்து எட்டிப் பார்த்தாள்.

“நீங்களும் வாங்கம்மா. பேரு என்ன?” என்றார் அதிகாரி. வெளியூர்க்காரர், அவருக்கு யார் யாருக்கு என்ன உறவு என்று தெரியாது.

“தெலீசியா,” என்றாள் அவள். பெரிய அதிகாரி கேட்டால் சொல்லத்தானே வேண்டும்.

லுபேனி திரையின் ஓரத்தில் ஏதோ வயரைச் சரி செய்துகொண்டிருந்தார். கவனிக்கவில்லை.

திரை ஒரு வட்டம் சுழன்றது. ஜோடிகள் பெரிய எழுத்தில் வந்தன. முதலில் போதகரும் அதிகாரியும். அடுத்தது நானும் ஊர் நிர்வாகியும். மூன்றாவதாக: லுபேனி, தெலீசியா.

இயந்திரத்துக்குப் பாரபட்சம் கிடையாது என்று அவர் சொன்னது உண்மைதான். அதைச் செய்தது இயந்திரமா, வேறு யாராவதா என்பதில் எனக்கு என் நம்பிக்கை இருக்கிறது. அதை இங்கே வற்புறுத்த மாட்டேன்.

“லுபேனி, தெலீசியா,” என்றது அந்தக் குழந்தைக் குரல், வகுப்பு முழுக்கக் கேட்க. “தலையைச் சேர்த்து உட்காருங்கள். முதலில், உங்கள் ஜோடியிடம் உங்களுக்கு மிகவும் பிடித்தது எது என்று உரக்கச் சொல்லுங்கள்.”

தெலீசியா முகத்தை வாசற்பக்கம் திருப்பிக்கொண்டாள். எங்கள் ஊரில் ஒரு மனிதனுக்கு அக்காவைவிட மேலே யாரும் இல்லை. அவள் எதிரே அவன் குரலைத் தாழ்த்துவான், நகர்ந்து வழி விடுவான். அவளைப் பற்றிப் பிடித்தது பிடிக்காதது என்று கூட்டத்தில் பேசுவது, தேவாலயத்தில் மேல்சட்டையைக் கழற்றுவது போல.

லுபேனி பின்னால் ஒரு அடி வைத்தார். “அது… நான் அப்புறம்…” என்றார். சட்டைப் பையிலிருந்த ரிமோட்டை எடுத்து அழுத்தினார். சத்தம்தான் கூடியது.

“சேர்ந்து பேசுங்கள். உங்கள் ஆமை காத்திருக்கிறது.”

அவர் இடப்பக்கச் சுவரைப் பார்த்தார். அவள் வலப்பக்க வாசலைப் பார்த்தாள். திரையில் ஒரு ஆமை மணலில் நின்றது. அதன் தலைக்கு மேல் சிவப்பு எழுத்து விழுந்தது: லுபேனி. கவனம் இல்லை.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு உள்ளே பாட்டு கேட்டது. பாடகர் குழுவில் ஆண் குரலும் பெண் குரலும் சேர்ந்து உச்சிக்குப் போகுமே, அப்படி. மாதக்கணக்காய் வாயில் அடக்கி வைத்திருந்ததெல்லாம் அங்கே எல்லார் கண்ணுக்கும் சிவப்பில் எழுதப்பட்டிருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் அது அப்படியே நிற்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். பிள்ளைகள் மேசையைப் பார்த்தபடி மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போது திரை இருண்டது.

குரல் நின்றது. எரிந்துகொண்டிருந்த சிவப்பு எழுத்து இல்லை. “பேட்டரி தீந்துடுச்சு போல,” என்றார் ஊர் நிர்வாகி, நிம்மதியோடு. “மேகமா இருக்குல்ல, காலையிலேர்ந்தே.” போதகர் அதற்குத் தலையாட்டினார். தெலீசியா அந்தச் சாக்கில் நழுவி அடுப்புப் பக்கம் போய்விட்டாள்.

பேட்டரி தீரவில்லை. ஹிங்கானோவின் கை சுவரிலிருந்து கீழே இறங்குவதை நான் பார்த்தேன். பிளக் அவள் பாதத்துக்கு அருகே தரையில் கிடந்தது. நிமிர்ந்தபோது லுபேனியும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் பிளக்கை. பிறகு அவளை. அவள் வழக்கம்போல மேசையின் மேல் விரலால் ஏதோ வரைந்துகொண்டிருந்தாள்.

மெலெனைதே அம்மா எழுந்தார். “வாசனை ஆளைக் கொல்லுது. சாப்பிடலாமா?” என்றார். எல்லாரும் சாப்பிடப் போனோம்.

லுபேனி சாப்பிடவில்லை, பரிமாறினார். புறப்படும்போது அதிகாரி அவரைத் தனியே அழைத்தார். நான் தட்டுக்களை அடுக்கிக்கொண்டிருந்ததால் காதில் விழுந்தது.

“திங்கட்கிழமை படகுல ஒரு பேரு அனுப்பணும் நீங்க.”

“சரிம்மா.”

“பலகை எழுதின பேரு வேண்டாம். நீங்க எழுதின பேரு வேணும்.”

“சரிம்மா.”

“பிள்ளைங்க பேசி நான் இன்னிக்கு ஒரு வார்த்தை கேக்கல. கத்தினதைத்தான் கேட்டேன்.”



வகுப்பைப் பூட்டும்முன் நான் ஹிங்கானோவிடம், யாருக்கும் கேட்காதபடி, “எதுக்கும்மா பிடுங்கின? உன்னை அவர் அப்படிச் சொன்னாரே,” என்றேன்.

அவள் என்னைக் கொஞ்சம் வியப்போடு பார்த்தாள், இதைக்கூடவா கேட்பார்கள் என்பது போல. “அவங்க அக்கா நின்னுட்டிருந்தாங்களே டீச்சர்.”

எனக்குள் கேட்ட பாட்டு அதோடு நின்றது. பரமண்டல ஜெபத்தில் ‘எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்’ என்று நாள்தோறும் சொல்லித் தருகிறவள் நான். சொல்லித் தந்ததை யார் கற்றார்கள் என்று பார்க்கப் புருவமும் போதாது, பலகையும் போதாது என்று அன்று தெரிந்தது.

அந்த டேப்லெட்டை, தண்ணீர்த் தொட்டிக் குரல்கள் இருந்ததை, எடுத்துக்கொண்டு அலுவலறைக்குப் போனேன். காதில் மாட்டிக் கேட்கும் வயரை அதன் மேல் நான் வழக்கமாகச் சுற்றுவது போல வட்டமாகச் சுற்றியிருந்தேன். லுபேனி மேசைக்குப் பின்னால் சும்மா உட்கார்ந்திருந்தார்.

“பிள்ளைங்க பேசினது இதுல இருக்கு,” என்றேன். “எல்லார் பேச்சும் இருக்கு. கேக்கணும்னா கேளுங்க. வேண்டாம்னா இங்கயே இருக்கட்டும், திங்கக்கிழமை எடுத்துக்கறேன்.”

அவர் அதைத் தொடவில்லை. “பேட்டரி நல்லாத்தான் இருந்தது, இல்ல டீச்சர்?” என்றார்.

“மேகமா இருந்தது சார்,” என்றேன்.

மறுநாள் சனிக்கிழமை. ஞாயிற்றுச் சமையலுக்குக் கிழங்கு தோண்ட ஊரே தோட்டத்தில் இருக்கும் நாள். பள்ளிக்கூடப் பக்கம் கோழிகூட வராது. ஞாயிறு கர்த்தருடைய நாள். படகு திங்கட்கிழமை போயிற்று. சில வாரங்களுக்குப் பிறகு ஒரு மாலையில் வானொலியில் விடுதிப் பள்ளிக்குத் தேர்வான பிள்ளைகளின் பெயர்களை வாசித்தார்கள். எங்கள் தீவின் பெயருக்குப் பிறகு ஹிங்கானோவின் பெயர் வந்தது. அவள் அம்மா முடைந்துகொண்டிருந்த பாயைப் பாதியில் விட்டுவிட்டு என் வீட்டுக்கு வந்து, வாசலில் உட்கார்ந்து அழுதுவிட்டுப் போனாள்.

ஊரில் பலவிதமாகப் பேசினார்கள். பலகைதான் கடைசியில் சரியான ஆளைக் கண்டுபிடித்தது என்றார்கள் சிலர். அதிகாரி அம்மா சொல்லிவிட்டுப் போயிருப்பார் என்றார்கள். லுபேனி எதையும் மறுக்கவில்லை. ஹிங்கானோவைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை வாழ்த்தியதாகக்கூட நான் கேள்விப்படவில்லை. திரை இப்போதும் சுவரில் இருக்கிறது. எரிமலைகளைப் பற்றிய பாடத்துக்கு நன்றாகவே உதவுகிறது. ஆமைகளைத்தான் காணோம். சிதானி இப்போது விலிசோனியோடு உட்காருகிறான். அரைக்கால் எவ்வளவு என்று இருவருக்கும் தெரியும்.

நானும் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. சொல்ல நான் எதையும் பார்க்கவில்லை. அந்தத் திங்கட்கிழமை காலையில், மணி அடிக்கும் முன், டேப்லெட்டை எடுக்க அலுவலறைக்குப் போனேன். நான் வைத்த இடத்திலேயே இருந்தது. பிள்ளைகள் வியாழக்கிழமை மதியமே அதன் மின்சாரத்தைத் தீர்த்து வைத்திருந்தார்கள். இப்போது முழுதாக ஏற்றப்பட்டிருந்தது. திறந்தபோது, தொட்டிக்குப் பின்னால் பேசிய அத்தனை குரல்களும் முதலிலிருந்து கடைசிவரை கேட்கப்பட்டிருந்ததாக அது காட்டியது. மரவள்ளிக் கிழங்கைப் பங்கிட்ட குரல் ஒருமுறைக்கு மேல்.

காதில் மாட்டும் வயர் பக்கத்தில் இருந்தது. எட்டாகச் சுற்றி, நுனியை நடு இடுக்கில் செருகி வைத்திருந்தது.